நாலாவது இன்ஜெக்டர்

மூன்று வாரமாக அக்காவுக்கு ஒரே பதில்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. தம்பியைக் கேட்டால், "டெஸ்ட்டுல இருக்குக்கா." மகனைக் கேட்டால், "மாமாவைக் கேளும்மா." மறுபடி தம்பி. மறுபடி டெஸ்ட். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

கார் அவளுடையது. அவள் சம்பளத்தில் வாங்கியது. விடிந்தும் விடியாததுமாக வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் ரத்தம் எடுத்து லேபில் சேர்ப்பது அவள் வேலை. கார் தம்பியின் பட்டறைக்குப் போன நாளிலிருந்து பஸ்ஸில் போனாள். நோயாளிகள் வெறும் வயிற்றோடு காத்திருந்து அலுத்துக்கொண்டார்கள். இன்று காலை லேப் மேனேஜர் கூப்பிட்டார். நாளைக்கும் கார் இல்லையென்றால் ரூட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம், மன்னிச்சுக்குங்க என்றார். அவர் மன்னிப்புக் கேட்ட விதத்தில் ஆள் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது என்று தெரிந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராகத் தம்பியின் பட்டறைக்கு நடந்தாள்.

தம்பி ஒரு வேனின் அடியிலிருந்து தலையை நீட்டினான்.

"வாக்கா. சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே."

"நீ வருவே. வண்டி வராது. எங்கடா என் வண்டி இன்ஜெக்டர்?"

"டெஸ்ட்டுல இருக்குக்கா."

"எந்த மெஷின்ல?"

அவன் மோவாயால் காட்டினான். சுவரோரம் டெஸ்ட் மெஷின் இருந்தது. நாலு கண்ணாடிக் குழாய்கள், கோடு போட்டவை, வரிசையாக. நாலும் காய்ந்து கிடந்தன. மெஷின் மேல் ஒரு சாப்பாட்டு டப்பா.

"டப்பாவையா டெஸ்ட் பண்றே?"

"அது வந்துக்கா..."

"நான் எடுத்த ரத்தத்துக்கு மறுநாள் ரிப்போர்ட் போகலேன்னா என்னை வாசப்படி ஏத்தமாட்டாங்க. நீ சாம்பிளை எடுத்து வெச்சுக்கிட்டு மூணு வாரமா யாருக்குடா காது குத்துறே?"

அவள் கார் மூலையில் நின்றது. பானட் மேல் தூசி. அக்கா திறந்து பார்த்தாள். இன்ஜெக்டர் உட்கார வேண்டிய நாலு ஓட்டைகளிலும் பழைய துணி அடைத்திருந்தது. பெட்ரோலைப் பனிபோலப் பிரித்து இன்ஜினுக்குள் பீச்சுகிற சாமான் இன்ஜெக்டர். விரல் நீளம்கூட இருக்காது. அது இல்லையென்றால் மற்றதெல்லாம் வெறும் இரும்பு.

தம்பி கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"சொன்னா கோபப்படக் கூடாது."

"நீ சொல்லு. கோபப்படறதா வேணாமான்னு நான் பாத்துக்கறேன்."

"சிக்னல்ல நிக்கும்போது, ஐட்லிங்ல குலுங்குதுன்னு உன் பையன் கொண்டுவந்து விட்டான் இல்ல? நிஜமாவே குலுங்கிச்சு. நானும் கழட்டினேன். அப்புறம் போன் பண்ணான். கொஞ்ச நாள் அப்படியே வைங்க மாமான்னான்."

"கொஞ்ச நாள்னா?"

"அம்மாவா மறக்கிற வரைக்கும்னான்."

அக்கா பையைத் தோளிலிருந்து இறக்கி ஸ்டூலில் வைத்தாள். காரை ரிவர்ஸ் எடுக்கும்போது மகன் வீட்டு கேட் தூணில் உரசினாள். கார் பட்டறைக்கு வந்ததற்கு முந்தின வாரம் நடந்தது அது. அன்று யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பரவாயில்லம்மா, பெயின்ட்தானே என்றார்கள். மகன் குனிந்து தூணைத் தடவிப் பார்த்தான். அந்தத் தடவலில் எல்லாம் முடிவாகியிருக்கிறது.

"டெஸ்ட் பண்ணு. மாட்டு. நான் ஓட்டிட்டுப் போறேன்."

"அக்கா, அவன்கிட்ட ஒரு வார்த்தை..."

"வண்டி அவன் பேர்லயா இருக்கு?"

தம்பி இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தான். எடுத்தவன் திறக்கவில்லை. அக்கா வாங்கித் திறந்தாள். உள்ளே மூன்று இருந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர். ஒன்று, இரண்டு, மூன்று.

"நாலு எங்கே?"

தம்பி பிடரியைச் சொறிந்தான்.

"நாலு வந்து... மீசை வண்டில ஓடிட்டிருக்கு."

"யாரு மீசை?"

"டாக்ஸிக்காரரு. ஒரே மாடல் வண்டி. அவருக்கு அவசரம். உன் வண்டி சும்மாதானே நிக்குதுன்னு..."

இதுவரை அக்கா குரலை உயர்த்தவில்லை. இப்போது வேனின் அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

"இன்னும் ஒரு மாசம் போனா டயர், சீட்டு, ஸ்டியரிங் எல்லாம் ஊர் சுத்தப் போயிருக்கும். நான் மட்டும் வீட்டுல உட்கார்ந்து ஜன்னலைப் பாத்துக்கிட்டிருப்பேன். அப்படித்தானே? நட!"

டாக்ஸி ஸ்டாண்ட் அடுத்த தெருமுனையில் இருந்தது. அக்கா முன்னால் போனாள். தம்பி, சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு வீட்டுக்கு இழுத்துவரப்பட்ட அதே நடையில், பின்னால் வந்தான்.

மீசை என்று பெயர் வாங்கியவருக்கு இப்போது மீசை கிடையாது. எப்போதோ எடுத்துவிட்டார். பெயர் போகவில்லை. அவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"என் சாமான் ஒண்ணு உங்க வண்டில இருக்கு," என்றாள் அக்கா.

"நேத்து ஏறினீங்களா? பின் சீட்டுல பாருங்கம்மா. போன வாரம்கூட ஒருத்தர் பல் செட்டை விட்டுட்டுப் போயிட்டார்."

"பின் சீட்டுல இல்ல. இன்ஜின்ல."

மீசை துணியை நிறுத்தினார். அக்காவைப் பார்த்தார். அவள் பின்னால் தரையைப் பார்த்து நின்றவனைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"அடப்பாவி! பெட்டி பிரிக்காத புதுசுன்னு சத்தியம் பண்ணினியே!"

"நல்லாத்தானே ஓடுது?" என்றான் தம்பி மெல்ல.

"அவங்களுது ஓடுது. நீ என் தலையில மிளகாய் அரைச்சது தனி."

"ரெண்டு பேர் தலையிலயும் அரைச்சிருக்கான்," என்றாள் அக்கா. "வண்டியை எடுங்க. இவன் கைக்காசுல உங்களுக்குப் புதுசு போடுவான். பெட்டியை உங்க கண்ணு முன்னாடி பிரிப்பான். எனக்கு என்னோடது வேணும்."

டாக்ஸி பட்டறைக்கு வந்தது. இன்ஜின் ஆறட்டும், சூட்டில் பெட்ரோல் லைனைத் தொடக்கூடாது என்றான் தம்பி. அது உண்மைதான். ஆனால் அவன் கையில் போன் இருந்தது. யாருக்குச் சேதி போகிறது என்று அக்கா கேட்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து லேபுக்குப் போன் செய்தாள்.

"நாளைக் காலை ரூட்டை யாருக்கும் குடுக்காதீங்க. நான் வர்றேன். ஆமா, வண்டிலதான்."

 போனைப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பையன் புது இன்ஜெக்டரைக் கொடுத்துவிட்டுப் போனான். தம்பி பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு டாக்ஸியை ஸ்டார்ட் செய்தான். லைனில் மிச்சமிருந்த பெட்ரோலைக் குடித்துவிட்டு இன்ஜின் விக்கி நின்றது. பேட்டரி ஒயரைக் கழற்றினான். கனெக்டர்களைப் பிடுங்கினான். இரண்டு போல்ட். பிறகு பெட்ரோல் குழாயை, நாலு இன்ஜெக்டரும் தொங்கத் தொங்க, ஆட்டி ஆட்டித் தூக்கினான். கடைசியில் தொங்கியதன் கிளிப்பை நெம்பி உருவினான். வெள்ளைப் பெயின்ட்டில் நாலு.

அக்கா கையை நீட்டினாள். தம்பி கொடுத்தான்.

மீசைக்குப் புதியதை மாட்டி முடித்த பிறகும் அவர் போகவில்லை. "சவாரி கிடக்கட்டும். இதைப் பார்க்காம போனா எனக்குத் தூக்கம் வராது," என்று டயர் மேல் உட்கார்ந்துகொண்டார்.

சாப்பாட்டு டப்பா கீழே இறங்கியது. நாலு இன்ஜெக்டரும் மெஷினில் ஏறின. தம்பி முதலில் அழுத்தத்தை மட்டும் கொடுத்தான். பீச்ச விடவில்லை. இந்த நிலையில் எதுவும் கசியக் கூடாது. ஒன்றும் இரண்டும் நாலும் உலர்ந்திருந்தன. மூன்றின் நுனியில் ஒரு துளி திரண்டது. விழுந்தது. இன்னொன்று திரண்டது.

தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா? சொட்டுது! வண்டி குலுங்கினது இதாலதான். நான் ஒண்ணும் சும்மா வெச்சிருக்கலே."

"மூணு வாரம் முன்னாடியும் சொட்டிச்சு. இன்னிக்குத்தான் பாக்கறே. கழுவு."

"கழுவியும் சொட்டினா?"

"அப்ப மாத்து. முதல்ல கழுவு."

மூன்றாவது, அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் தொட்டிக்குள் போனது. தொட்டி ரீங்காரமிட்டது. தெளிந்த திரவத்தில் கறுப்பாக ஏதோ நூல் நூலாகப் பிரிந்து இறங்கியது.  மீசை எட்டிப் பார்த்து, "என் மாமியாரை ஒரு தடவை இதுல போடணும்," என்றார். யாரும் சிரிக்காததால் அவரே சிரித்துக்கொண்டார்.

மறுபடி மெஷின். மறுபடி அழுத்தம். மூவரும் மூன்றாவது நுனியையே பார்த்தார்கள். துளி வரவில்லை. தம்பி பீச்ச விட்டான். நாலிலிருந்தும் வெள்ளைப் புகைபோல விரிந்து இறங்கியது. குழாய்கள் நிறைந்தன. நிறுத்தினான்.

அக்கா குனிந்து கண்ணைத் திரவ மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்த்தாள். வேலைப் பழக்கம்.

"மூணுல ஒரு கோடு கம்மி."

"அவ்வளவு வித்தியாசம் இருக்கலாம்க்கா."

"இருக்கலாமா?"

"தாராளமா. ஓட்டத்துல ஒண்ணும் தெரியாது."

"தூக்கிப் போட வேணாம்?"

"எதுக்குப் போடணும்?"

சொல்லி முடித்த பிறகுதான் அக்கா தன்னைப் பார்ப்பதைத் தம்பி கவனித்தான். வாயை மூடிக்கொண்டு ஓ-ரிங் பாக்கெட்டைத் தேடப் போனான்.

பழைய ரப்பர் வளையங்களை எடுத்துவிட்டுப் புதியவை போட்டான். விரல் நுனியில் இன்ஜின் ஆயில் தொட்டுப் பூசினான். ஒவ்வொன்றையும் அக்கா காரின் பெட்ரோல் குழாயில் செருகிக் கிளிப் போட்டான். துணிகளை உருவிவிட்டு, நாலையும் ஒரே சமயத்தில் ஓட்டைகளில் உட்காரவைத்து அழுத்தினான். போல்ட்டை மாற்றி மாற்றி இறுக்கினான். கனெக்டர்கள் ஒவ்வொன்றாகக் கிளிக் என்றன.

மகன் அப்போது வந்து சேர்ந்தான். ஆபீஸ் அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது.

"என்னம்மா இது? மாமாவைப் போட்டு ஏன் பாடாப் படுத்தறே?"

"உன் மாமா பட்ட பாடு இருக்கட்டும். என்னை மறக்க வைக்கப் பாத்தியாமே?"

அவன் மாமாவை முறைத்தான். மாமா பேட்டரி ஒயரில் மூழ்கியிருந்தார்.

"நேரா சொன்னா நீ கேப்பியா?"

"கேக்கமாட்டேன். சண்டை போட்டிருப்பேன். போட்டிருக்கலாமே. அதுக்குக்கூட நான் தேறமாட்டேனா?"

"தூணோட போச்சும்மா. நாளைக்கு ஒரு குழந்தை குறுக்க வந்தா?"

 தூணில் உரசிய அன்று இரவு அவளும் அதைத்தான் நினைத்துப் படுத்திருந்தாள்.

"நியாயமான கேள்வி," என்றாள். "அப்ப என் கண்ணைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கணும். பக்கத்துல உட்கார்ந்து நான் எப்படி ஓட்டறேன்னு பாத்திருக்கணும். இதோ, இந்தச் சாமான் சொட்டிச்சு. உங்க மாமா அழுத்தம் குடுத்துப் பாத்தார். கழுவினார். திரும்பப் பாத்தார். அப்புறம்தான் முடிவு சொன்னார். என்னை யாருடா பாத்தீங்க?"

மகன் கழுத்து அட்டையைத் திருகினான்.

"சரி. நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம். அவர் சரின்னா ஓட்டு. அது வரைக்கும் மாமாகிட்டயே இருக்கட்டும்."

"நாளைக்கு எனக்கு வேலை இருக்கு."

"இவங்ககிட்ட விட்டுட்டுப் போகாதீங்கம்மா," என்றார் மீசை டயரிலிருந்து. "இந்தத் தடவை இன்ஜினே போயிடும்."

தம்பி ஃபியூஸை மாட்டினான். சாவியைத் திருப்பித் திருப்பி லைனில் பெட்ரோல் ஏற்றினான். டார்ச் அடித்து ஒவ்வொரு இன்ஜெக்டரின் கழுத்தையும் பார்த்தான். கசிவு இல்லை. பிறகு இறங்கி, மருமகன் முகத்தைப் பார்க்காமல், கதவை அக்காவுக்காகத் திறந்துபிடித்தான்.

அக்கா ஏறினாள். ஸ்டார்ட்டர் கரகரத்தது. பிடிக்கவில்லை. இரண்டாம் தடவை இருமியது. மூன்றாம் தடவை பிடித்து, நடுங்கி, மெல்ல மெல்லச் சீரானது. அவள் கையை ஸ்டியரிங்கில் வைத்துக் காத்திருந்தாள். குலுக்கல் இல்லை.

"ஏறு," என்றாள் மகனிடம். "பாக்கறதா இருந்தா இப்பவே பாரு. வரலேன்னா வழி விடு."

அவன் வழியில்தான் நின்றான். அக்கா கியர் போட்டாள். ஹாரன் அடிக்கவில்லை. அவன் சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தான்.

மெயின் ரோட்டில் நெரிசல். மகனின் வலது கால் தரையை மிதித்தது. கொஞ்ச தூரத்தில் மறுபடி மிதித்தது.

"அந்தப் பக்கம் பிரேக் கிடையாதுடா."

"சைக்கிள்... சைக்கிள்காரன்..."

"அவன் திரும்பப் போறான். கையைக் காட்டிட்டான். நீதான் பாக்கலே."

சைக்கிள் திரும்பியது. மகன் சீட்டில் சாய்ந்தான். முகம் தெளியவில்லை.

சிக்னலில் நின்றார்கள். அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"கண்ணை மட்டும் காட்டிடலாம்மா. எனக்காக."

"காட்டலாம். நாளைக்குச் சாயங்காலம். உன் ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கறேன். தயாரா இரு."

"டாக்டர் வேணாம்னு சொல்லிட்டா?"

"அதை அவர் என்கிட்ட சொல்லட்டும். உன்கிட்ட இல்ல."

விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னால் இரண்டு ஹாரன் ஒலித்தன. அக்கா அவசரப்படவில்லை. இருபுறமும் பார்த்துவிட்டு கிளட்ச்சை விட்டாள்.