சத்தம் போன சண்டைப் படம்

தகரப் பட்டறைக்காரர் கொஞ்ச காலமாகச் சீனச் சண்டைப் படம் என்றால் சோறு தண்ணி மறந்து ஓடுகிறார். நம் பாஷைப் படம் எத்தனை வந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. "அதுல என்ன இருக்கு? சும்மா பேசிக்கிட்டே இருப்பானுங்க" என்பார். பேச்சென்றாலே மனுஷனுக்கு வேப்பங்காயாகிவிட்டது என்று அவர் மனைவி முடிவு கட்டியிருந்தாள்.

அவள் தையல்காரி. முன்னறையில் மிஷினை மிதித்தபடி, ஊசியில் வைத்த கண்ணை எடுக்காமல், நாள் முழுக்கப் பேசுகிறவள். முன்பெல்லாம் அவரும் சரிக்குச் சரி வாயாடுவார். இப்போது "என்னங்க, என்னங்க" என்று தொண்டை வற்றக் கூப்பிட்டாலும் பதில் வராது. பிள்ளைகுட்டி இல்லாத வீடு, வேறு யாரிடம் பேசுவாள் பாவம்? கோபமா, வெறுப்பா, வேறு எவளாவதா என்று யோசித்து யோசித்துத் தலை வெடித்தது. கடைசியில் இரண்டு புடவையைப் பையில் திணித்து மிஷினுக்கு அடியில் வைத்துவிட்டாள். அக்கா வீட்டுக்குப் போய்விடுவது, திரும்புவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், "கிளம்பு, படத்துக்குப் போகலாம்" என்றார். சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லித் தொலைத்துவிடலாம் என்று அவளும் கிளம்பினாள்.

திரையில் ஒரு குண்டுச் சமையல்காரன் துடைப்பத்தோடு அடியாட்களைக் கூரைமேல் ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்தான். சீனம் யாருக்குப் புரிகிறது? கொட்டகையே படத்துக்குக் கீழே ஓடுகிற தமிழ் எழுத்தைப் படித்துத்தான் சிரித்தது. அவரும் எல்லோரோடும் சேர்ந்து தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். வீட்டில் இந்தச் சிரிப்பு எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ!

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். இனிமே வர மாட்டேன்."

சமையல்காரன் வழுக்கி விழுந்தான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழப் போனாள். அந்த நேரம் பார்த்துப் படத்தின் சத்தம் பொசுக்கென்று நின்றது. படம் மட்டும் ஓடியது. ஒரே விசில், கூச்சல். "சவுண்டு! சவுண்டு!" என்று நாற்காலிகளைத் தட்டினார்கள். முன்வரிசைக்காரர்கள் எழுந்து ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் கத்தினார்கள்.

அவர் மட்டும் கழுத்தை இப்படியும் அப்படியும் நீட்டிக்கொண்டு சலித்துக்கொண்டார்.

"எதுக்கு எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க? படம் நல்லாத்தானே போகுது?"

அவள் பாதி எழுந்தபடியே அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவரை நம்பி விட்டுப்போன குக்கர் விசில் அடித்து அடித்துத் தீய்ந்தது, மழையில் அவள் கதவைத் தட்டித் தட்டிக் கை சிவந்தது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஐயோ, என் ராசா என்று மனசு அலறியது. அப்படியே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். படம் முடியும்வரை விடவில்லை.

வெளியே வெயிலில், சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நிறுத்தி, காதைத் தொட்டுக் காட்டினாள். "எப்பலேருந்து?"

அவர் திருட்டு முழி முழித்தார்.

"தகரத்தத் தட்டித் தட்டிக் கொஞ்சம் கொஞ்சமாப் போயிடுச்சு. முகத்தப் பாத்தா முக்கால்வாசி புரிஞ்சுடும். நீதான் மிஷின்ல குனிஞ்சுக்கிட்டே பேசறியே."

"சொல்றதுக்கு என்னவாம்? வாயில கொழுக்கட்டையா?"

"உன் பேச்சக் கேட்டுத்தானே உன்னக் கட்டிக்கிட்டேன்" என்றார். "அதுவே கேக்கலைன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது? இங்க வந்தா எல்லாரும் என்னை மாதிரிதான். எழுத்தப் படிச்சுத்தான் சிரிக்கிறாங்க."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வழிந்தது.

"ஆமா, இருட்டுல என்னமோ சொன்னியே? வாய் அசைஞ்சுது. கண்டுபிடிக்க முடியல."

மிஷினுக்கு அடியில் இருக்கும் பை நினைவுக்கு வந்தது. அவள் அவருக்கு நேரே திரும்பி நின்றாள். வெளிச்சம் தன் முகத்தில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"அடுத்த வாரமும் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேன்."

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முழுசாகப் புரிந்துவிட்டது.

"அடி பைத்தியமே, இதுக்கா அழற?" என்றார்.