மாப்பிள்ளை உட்கார்ந்த நாற்காலி

தச்சர் வந்த காலையில் கூடத்தில் இருந்தவர்கள் நால்வர். ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில், விரித்த செய்தித்தாளுக்குப் பின்னால் வீட்டுக்காரர். சோபா நுனியில் அவர் மனைவி. உட்காராதே என்று ஆயிரம் தடவை சொல்லியும் சாப்பாட்டு மேசையின் மேலேயே இளைய மகள். தரையில் சம்மணமிட்டுத் தச்சர். அவர் மடியில் தலைகீழாக அந்த நாற்காலி.

இல்லாதவர் ஒருவர்: மூத்த மகளின் கணவர். எட்டு மாதத்துக்கு முன், முதன்முதலாக விருந்துக்கு வந்தபோது, இந்த நாற்காலிதான் அவருக்கு அடியில் முறிந்தது. ஆள் கொஞ்சம் வாட்டசாட்டம். தட்டைக் கைவிடாமல் தரையில் போய் உட்கார்ந்தவர், "மன்னிச்சுடுங்க மாமா" என்றார். அப்புறம் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் நின்றுகொண்டே காபி குடித்தார். "முதுகு வலி, நிக்கிறதுதான் நல்லதாம்." அதற்கும் பிறகு வரவே இல்லை. அடுத்த ஞாயிறு இளையவளின் பிறந்தநாள். அன்றைக்காவது அவர் வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் தச்சரைக் கூப்பிட்டதே. கூப்பிட்டது மனைவி, வீட்டுக்காரர் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே தள்ளிப்போட்டிருந்தார். இப்போதும் செய்தித்தாளில் ஒரு வரிகூட அவர் மண்டையில் ஏறவில்லை.

தச்சர் முறிந்த பின்காலை வெளிச்சத்தில் பிடித்தார். "இது மாப்பிள்ளை உடைச்சது இல்லம்மா."

"பின்ன?"

"பாருங்க, இந்தப் பாதி வெளுப்பா இருக்கு, புதுசா முறிஞ்சது. இந்தப் பாதி கறுத்துப்போய், மேல பசை. யாரோ முன்னாடியே உடைச்சு ஒட்டி வெச்சிருக்காங்க. ஒட்டினவரு ஒரு கட்டுக்கூடப் போடல. மேல என்னமோ பூசியிருக்காரு." விரலால் தேய்த்து மோந்து பார்த்தார். "ஷூ பாலிஷ்!"

இளையவள் மேசையிலிருந்து குதித்தாள். "நம்ம வீட்ல ஷூ போடறது ஒரே ஆளுதான்!"

மனைவி எழுந்து போய்ச் செய்தித்தாளை மெல்லக் கீழே இறக்கினாள். அதற்குப் பின்னால் ஒரு முகம் திருதிருவென்று முழித்தது.

"பல்பு மாத்த ஏறினேன்."

"நாற்காலி மேல ஏறாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

"அதனாலதான் சொல்லல."

எட்டு மாதமாகத் தொண்டையில் முள்ளாகக் கிடந்த விஷயம். மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்ட அந்த நொடியில் வாயைத் திறந்திருக்கலாம். புது மாப்பிள்ளை எதிரே மனைவியிடம் வாங்கிக்கட்டிக்கொள்ள வெட்கம். நாளாக நாளாக வாய் வரவில்லை.

"அத்தான் பாவம்ப்பா. எடையைக் குறைக்கணும்னு ராத்திரி சாப்பாட்டையே விட்டுட்டாராம். அக்கா சொன்னா."

"நீ மட்டும் என்ன யோக்கியம்? அவருக்குப் புல்டோசர்னு பேரு வெச்சது யாரு?" என்றாள் தாய். இளையவள் மறுபடியும் மேசைமேல் ஏறிக்கொண்டாள்.

"இப்பவே போன் பண்ணிடறேன்," என்று எழுந்தார் வீட்டுக்காரர்.

"போன்ல சொன்னா 'பரவால்ல மாமா'ன்னு வெச்சுடுவாரு. உட்காருங்க. ஊருக்கெல்லாம் பக்கம் பக்கமா லெட்டர் எழுதறீங்கல்ல? எழுதுங்க."

எழுதினார். "ஒன்று: பின்காலை உடைத்தவன் நான். இரண்டு: அரைகுறையாக ஒட்டியவனும் நான். மூன்று: பாலிஷ் பூசி மறைத்தவனும் நானே." நான்காவது வெகு நேரம் பிடித்தது. "நான்கு: நீங்கள் நின்றபடி காபி குடித்த இரண்டு நாளும் எனக்குக் காபி இறங்கவில்லை. ஞாயிறு வாருங்கள். ராத்திரிச் சாப்பாட்டை விடாதீர்கள்." அடியில் இளையவள் கிறுக்கினாள்: "புல்டோசர் வாபஸ். சாரி அத்தான்."

அதற்குள் தச்சர் கெட்ட பாதியை அறுத்தெடுத்து, புது மரம் சேர்த்து, பசையிட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் யாரும் உக்காராதீங்க. அப்புறம் ரெண்டு மாப்பிள்ளை உக்காரலாம்."

"முதல்ல இருக்கறவர் வரட்டும்," என்றாள் மனைவி.

பாலிஷ் பூசிய மரத்துண்டைப் பொறுக்கி, சாட்சியாக உறைக்குள் போட்டார் வீட்டுக்காரர். உறையின் வாய் ஒட்டவில்லை. தச்சர் பசைக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அமுக்கிப் பிடிங்க சார். நூறு எண்ணுங்க."

"இந்தத் தடவையாவது ஒழுங்கா ஒட்டுங்க," என்றாள் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நூறும் எண்ணினார். பிறகு ஷூ மாட்டிக்கொண்டு தெருமுனைத் தபால் பெட்டிவரை நடந்தார். உறைக்குள் இருந்த மரத்துண்டு பெட்டியின் அடியில் 'டக்'கென்று விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினார்.