உட்கார முடியாத மூப்பர்

1958ஆம் ஆண்டு அக்டோபர் இரண்டாம் ஞாயிறு தொடங்கி, மிசிசிப்பி மாநிலம் ஆஷ் க்ரீக் ஊரின் கறுப்பர் திருச்சபை மூப்பர் லெமுவேல் ஹேரிஸ்டனை எந்த நாற்காலியும் உட்கார விடவில்லை. அவர் குனிந்தால் அது ஒரு சாண் பின்னே நகரும். பெஞ்சாக இருந்தால் அதிலிருப்பவர்களையும் சுமந்துகொண்டு நகரும். அந்த ஆண்டு பருத்தி விலை சரிந்தது, பன்றிகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஊர் இதையும் அவற்றோடு சேர்த்துப் பேசிவிட்டு வேலையைப் பார்த்தது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய மாதம் அவருடைய தங்கை வெர்னெல், ரயில் நிலையத்தில் வெள்ளையருக்கு மட்டும் என்று பலகை தொங்கிய பெஞ்சில் உட்கார்ந்தாள். எழச் சொன்னார்கள், எழவில்லை. முப்பது நாள் சிறை. மூன்று தலைமுறையாக ஹேரிஸ்டன் குடும்பத்தில் ஒருவர் பெயரும் சிறைப் பதிவில் ஏறியதில்லை. சிறைக்குப் போனவர் சபைமுன் நின்று மன்னிப்புக் கேட்டால்தான் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். கோழி திருடியவனுக்கும் குடித்துவிட்டுக் கத்தி எடுத்தவனுக்கும் ஏற்பட்ட வழக்கம் அது. அதையே தங்கைக்கும் விதித்தார் லெமுவேல்.

"எதுக்குண்ணே மன்னிப்பு? உக்காந்ததுக்கா?"

"ஜெயிலுக்குப் போனதுக்கு. நம்ம குடும்பத்தைச் சந்தி சிரிக்க வச்சதுக்கு."

"அப்ப குடும்பப் பேரை நீயே கட்டிக்கிட்டு அழு" என்று வெளியேறினாள். மூப்பர் சபைப் பதிவில் அவள் பெயரைத் தம் கையாலேயே அடித்துவிட்டு, முன்வரிசையில் உட்காரப் போனார். பெஞ்சு நகர்ந்தது.

பதினேழு ஆண்டுகள் நின்றே உண்டார். முடிவெட்டுபவர் ஸ்டூலில் ஏறி நின்று வெட்டினார். வெளியூர்க்காரர் கேட்டால், "முதுகுக்கு நல்லது" என்பார். வெர்னெல் ஊர் ஊராகப் போய்க் கறுப்பர்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்தாள். பதினோரு சிறைகள் பார்த்தாள். ஒரு காவலரின் தடி அவள் வலது முழங்காலைத் தின்றது. செய்தித்தாளில் அவள் படம் வந்தால் மூப்பர் மடித்து வைத்துவிடுவார். ரயில் நிலையப் பலகையும் ஒருநாள் இறங்கியது.

1975 கோடையில், சிக்காகோவில் வளர்ந்த பேத்தியை வழியனுப்ப ரயில் நிலையம் போனார். வெர்னெல் உட்கார்ந்த அதே பெஞ்சில் அவள் சாய்ந்து பீச் பழம் தின்றபடி, "உக்காருங்க தாத்தா, எடம் நெறைய கெடக்கே" என்றாள். அவருக்கு முகம் எரிந்தது. அன்றே தங்கைக்குக் கடிதம் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தடியூன்றி வந்து முன்வரிசையில் அமர்ந்தாள். கோழித் திருடர்கள் நிற்கும் இடத்தில் மூப்பர் போய் நின்றார். "வெர்னெல், எனக்கு வெள்ளைக்காரன்மேல பயம். அந்தப் பயத்துக்குக் குடும்ப மானம்னு பேரு வச்சேன். உம் பேரை அடிச்சேன். என்னை மன்னிச்சிரு."

பின்வரிசையில் கிழவி ஒருத்தி, "வாயத் தொறக்கப் பதினேழு வருஷமா மூப்பரே!" என்றாள். சபை சிரித்தது.

"நான் எப்பவோ மன்னிச்சாச்சு. பெஞ்சைத்தான் கேட்டுப் பாக்கணும். வாண்ணே" என்றாள் வெர்னெல்.

அவர் தங்கையருகே குனிந்தார். பெஞ்சு அவளையும் சுமந்துகொண்டு ஒரு சாண் நகர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. வெர்னெல் தடியூன்றி எழுந்து அண்ணன் பக்கத்தில் நின்றாள்.

"உக்காரு தாயி. முழங்கால் வலிக்கும்."

"வலிக்கத்தான் செய்யுது. நீ நிக்கிறப்ப நான் எப்படி உக்கார்றது?"

உட்கார்ந்ததற்காகச் சிறைசென்றவள் நின்றாள். அன்றைய பிரசங்கம் இரண்டரை மணி நேரம். மூப்பர் தலை நிமிரவில்லை. மறு ஞாயிறும் இருவரும் நின்றார்கள். சபைப் பணிவிடைக்காரர் ஒருவர் முன்வரிசைக்கு வந்து, ஆளுக்கொரு காகித விசிறி கொடுத்துவிட்டுப் போனார். போதகர் பிரசங்கத்தைச் சுருக்கவில்லை.