கம்பத்தில் ஏறிய சிவப்பு டிராயர்

வயிற்று வலி என்று தையல்காரர்தான் சொன்னார். வயிற்றுக்கு அது தெரியாது.

பஸ், கப்பல், படகு என்று மாறி மாறி இரண்டு நாள் இடுப்பொடியப் பயணம் செய்து இந்த மீன்பிடித் தீவுக்கு வந்ததே, கடலுக்கு அடியில் போய்ப் பார்க்கத்தான். தபால் ஆபீசில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கு அது பதினோரு வருஷத்து ஆசை. கடையில் விற்ற நீச்சல் டிராயர் எதுவும் இவர் இடுப்புக்கு ஏறவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொடி தைத்து மிஞ்சிய துணியில் தானே ஒன்று தைத்துக்கொண்டார். சிவப்பென்றால் கண்ணைப் பறிக்கும் சிவப்பு. அதைப் போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இரண்டு நாள் வீர நடையும் நடந்தார். மூன்றாம் நாள் காலை, ஆழத்தில் இறங்க வேண்டும் என்றதும் ஆசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"ஜோடியாத்தான் இறக்குவேன். கீழே ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கணும். சார் வரலைன்னா மேடமும் இறங்க முடியாது" என்று டைவிங் மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டு மீன்பிடிக்கப் போய்விட்டார். மறுநாள் விடிந்தால் இவர்கள் ஊர் திரும்பும் படகு.

மனைவி நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. "உடம்பைப் பாருங்க. கடல் எங்கேயும் ஓடிடாது" என்று சொல்லிவிட்டு, வாடகைக்கு எடுத்த நீச்சல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள். மனுஷனுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. 'சே, நானெல்லாம் ஒரு புருஷனா' என்று நொந்துகொண்டே உடை மாற்றி, ஈர டிராயரை அலசிப் பிழிந்தார். படகுத்துறையில் உயரமாக ஒரு கம்பம் நின்றது. அதில் கயிறும் இருந்தது. டிராயரைக் கட்டி இழுத்தால் ஜோராக உச்சிக்கு ஏறியது. என்ன வசதி பாருங்கள்!

அரை மணி ஆகவில்லை. கடலில் இருந்த அத்தனை படகுகளும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கரைக்கு வந்தன.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்று கத்திக்கொண்டே முதலில் குதித்தவர், தீவிலேயே பெரிய படகு வைத்திருக்கும் அக்கா. அந்தக் கம்பத்தில் சிவப்பு ஏறினால் கரையில் ஆபத்து, போட்டது போட்டபடி திரும்ப வேண்டும். தீவில் சின்னக் குழந்தைக்கும் அது தெரியும். தையல்காரருக்குத்தான் தெரியாது.

கூட்டத்தோடு கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்திருக்கலாம். இப்போது வயிறு நிஜமாகவே கலக்கியது. ஆனாலும் முன்னால் போனார்.

"என்னோடதுதாங்க. காயப் போட்டேன்."

அக்கா கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் இவர் இடுப்பைப் பார்த்தார். "எங்க பிழைப்பு உங்களுக்கு விளையாட்டா இருக்கா?"

"அடப்பாவி, ஒரு டிராயருக்கா நான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தேன்!" என்று பின்னாலிருந்து ஒருவர் அலறினார். அவ்வளவுதான், யாரோ சிரிக்க ஆரம்பிக்க, கரை முழுவதும் சிரித்தது. அக்காவும் அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார்.

"தப்புதாங்க. கிழிஞ்ச தார்ப்பாய், சாக்கு எதுவானாலும் கொண்டாங்க, இன்னைக்கே தைச்சுத் தரேன்."

"எங்க கொடி வெளுத்துப் போச்சு. கடைசிப் படகு வரைக்கும் தெரிஞ்சது உங்க டிராயர்தான். சாயங்காலம் அதையே பிரிச்சுக் கொடியா தைச்சுக் குடுத்துடுங்க. இன்னைக்கு மீன்பாடு போனது போனதுதான். மாஸ்டரும் சும்மா நிக்கிறான். வயித்து வலின்னு அவன் சொன்னானே, இப்ப எப்படி இருக்கு?"

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் கையில் இன்னும் அந்தக் கண்ணாடி.

"வலியெல்லாம் இல்லைங்க, பயம். இப்பவும் பயம்தான். ஆனா இறங்கறேன்."

டிராயர் கீழே இறங்கியது. அரை ஈரத்தோடு அதையே மாட்டிக்கொண்டார்.

சும்மா சொல்லக்கூடாது, தண்ணீருக்குள் முதல் ஐந்து நிமிஷம் உயிர் போய் வந்தது. அப்புறம் கோடு போட்ட மீன்கள் கூட்டமாக வந்து டிராயரை மோந்து பார்த்தன. அந்த நீலமும் மஞ்சளும் எந்தத் துணிக்கடையிலும் அவர் பார்த்ததில்லை. பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. மனைவி மட்டும் அவர் கையை விடவே இல்லை. பிடித்தாள் என்றா சொல்வது, நெரித்தாள்.

சாயங்காலம் படகுத்துறையில் உட்கார்ந்து டிராயரைப் பிரித்துக் கொடியாகத் தைத்தார்கள். இவர் தைக்க, அவள் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள்.

"ஏன் அப்படி நெரிச்சே? பாரு, நகம் பதிஞ்சிருக்கு."

"உங்களைவிட எனக்குத்தான் பயம். நீங்க கூட இருக்கற தைரியத்துலதானே இத்தனை வருஷமா போகலாம் போகலாம்னு சொன்னேன்."

தையல்காரரின் ஊசி நின்றது. "அடிப்பாவி! இதை முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் நிம்மதியா கரையிலேயே இருந்திருக்கலாமே!"

"அதான் சொல்லலை" என்று அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.