பதினொரு குஞ்சுகளின் தகப்பன்

கினிக்கோழிக்கு நாகரிகம் என்று ஒன்று கிடையாது என்பது வெல்டரின் முடிவு. துருப்பிடித்த கேட்டைத் திறந்து மூடுவது போல ஒரு குரல். அதை நாள் முழுக்கத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். காக்கா நிழல் விழுந்தால் கத்தும், தபால்காரர் வந்தால் கத்தும், யாருமே வராவிட்டால் அதற்கும் கத்தும்.

அவன் வீட்டுக் கொல்லைப் புதரில் இருபத்தெட்டு நாள் அடைகாத்து, பெட்டை பதினொரு குஞ்சுகளோடு வெளியே வந்தது. அதே வாரம் வெல்டரின் மனைவி, ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்த மகளோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். குழந்தை ஒன்றே முக்கால் கிலோ. கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியே குஞ்சுகளை எண்ணுவதே அவளுக்கு வேலையாகிப் போனது.

"இந்தப் பதினொண்ணும் பொழச்சா இவளும் பொழச்சுக்குவா" என்றாள் ஒருநாள். டாக்டர் சொன்ன எதையும் அவள் இவ்வளவு நம்பவில்லை.

அதன் ஜோடிச் சேவலும் குஞ்சுகளை விட்டு நகராது. பெட்டை மேய்ந்தால் இது காவல் நிற்கும். ஈரப் புல்லில் குஞ்சு நடுங்கினால் இதுவும் இறக்கைக்குள் வாங்கிக்கொள்ளும். ஆனால் கத்தும். கத்தினால் குழந்தை வீறிடும். அந்த வீட்டில் யாரும் தூங்கிப் பல நாளாயிற்று.

மனைவியின் அண்ணன் போனில் தீர்ப்பு சொன்னார்.

"சேவலுக்கு அங்க என்ன வேலை மாப்ள? குஞ்சைக் கொத்திப் போட்டுரும். பிடிச்சு அடைங்க."

"நெசமாவா மச்சான்?"

"நான் வளர்க்காத கோழியா?"

அவர் வளர்த்தது நாட்டுக்கோழி. அதுவும் நாலே நாலு. அதில் இரண்டு பக்கத்து வீட்டுடையது.

வெல்டர் அரைமணியில் ஒரு கம்பிக்கூண்டைப் பற்றவைத்துச் சேவலை உள்ளே தள்ளினான். வேலை சுத்தம், ஒரு கம்பி அசையாது.

அன்று மத்தியானம் தாயும் மகளும் அசந்து தூங்கினார்கள். அவனுக்கும் கண் சொருகிய நேரத்தில் சேவல் ஆரம்பித்தது. மூச்சு விடாமல், கம்பியில் மோதி மோதிக் கத்தியது. வெளியே விடச் சொல்லித்தான் இந்த ஆர்ப்பாட்டம் என்று நினைத்தான். பாதிக் கண்ணோடு போய்க் கூண்டின்மேல் ஒரு சாக்கைப் போட்டான்.

"கொஞ்சம் வாய மூடுடா சாமி."

புதர்ப் பக்கம் பார்க்கவில்லை. இருட்டில் சேவல் அடங்கியது. அவன் ஒரு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கினான்.

எழுந்து வந்தபோது, சுவரோரம் பெட்டை கழுத்து கடிபட்டு, இறக்கையை விரித்தபடியே கிடந்தது. கீரிப்பிள்ளை போன வழியெல்லாம் பொடி இறகு. பெட்டையைப் புரட்டினான். அடியில் இரண்டு குஞ்சுகள் உயிரோடு இருந்தன.

கூண்டைத் திறந்தான். சேவல் ஓடிப்போய் இரண்டையும் இறக்கைக்குள் வாங்கிக்கொண்டு, அவனைப் பார்த்துக் கத்தத் தொடங்கியது.

"ஏங்க, எத்தனை இருக்கு?" உள்ளேயிருந்து மனைவி கேட்டாள். "இங்கேருந்து ஒண்ணும் தெரியல."

"பதினொண்ணு."

"நல்லா எண்ணுனீங்களா?"

"ரெண்டு தரம் எண்ணிட்டேன்."

"அப்ப அது ஏன் இப்படிக் கத்துது?"

குழந்தை அழ ஆரம்பித்தது. கட்டில் கிரீச்சிட்டது; அவள் எழுந்து ஜன்னலுக்கு வருகிறாள். வெல்டர் நகர்ந்து, பெட்டையை மறைத்தபடி நின்றான்.