தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

கடத்தூர் நவநீதனுக்குக் குடியில்லை, சீட்டில்லை. வாய்தான் சும்மா இருக்காது. ஆறு வயது மகள் பிரியதர்ஷினி அடம்பிடித்தால் போதும், "உன்ன எருமைக்காரப் பெரியம்மாகிட்ட ஒரு படி தவுட்டுக்கு வாங்கியாந்தோம், திருப்பிக் குடுத்துருவேன்" என்பான். எந்த அப்பன்தான் இதைச் சொல்லவில்லை?

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் ஒரு பழைய படம். குழந்தையைக் கடத்திவிடுகிறார்கள், பெற்றவர்கள் மீட்கப் படாத பாடு படுகிறார்கள். நவநீதனும் மனைவி கோகிலவாணியும் நகத்தைக் கடித்தபடி பார்த்தார்கள். படம் முடிந்து திரும்பினால், பக்கத்தில் இருந்த மகளைக் காணோம். கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடும்போதே போன் அடித்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் எருமை வளர்க்கும் பெரியம்மாள்தான்.

"ஏம்பா நவநீதா, உம்புள்ள ஒரு பை தவுட்டோட வந்து நிக்குது. தவுட்டக் குடுத்துட்டேன், இனி நான் உன் புள்ளதான்னு என்னைய அம்மாங்குது."

"எல்லாம் உங்க வாய்க்கொழுப்பு. போயிக் கூட்டியாங்க" என்றாள் கோகிலவாணி.

இருக்கும் இடம் தெரிந்துவிட்டது, அப்புறம் என்ன அவசரம்? சட்டையை மாட்டி, கடையில் டீ குடித்து, அங்கிருந்தவர்களுக்கும் கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டு, ஆடி அசைந்து போய்ச் சேர்ந்தான்.

மாட்டுக் கொட்டகைக் கல்லில் பிரியதர்ஷினி உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"வூட்டுக்குப் போலாம் வா கண்ணு."

"படத்துல அந்தப் பாப்பாவோட அப்பா ஓடி வந்தாரு. நீ நடந்து வர்ற."

"நீ இங்கதான் இருக்கன்னு தெரியும்ல."

"பெத்த அப்பான்னா ஓடித்தான் வருவாங்க."

நவநீதன் கெஞ்சினான், ஐஸ்கிரீம் என்றான். தவிட்டுக் கதை பொய் என்று பெரியம்மாளைச் சாட்சிக்குக் கூப்பிட்டான். அவளோ அந்தத் தவிட்டை எருமைக்குக் கலந்துகொண்டே, "எனக்கும் ஒரு பொட்டப்புள்ள வேணுந்தான். வேணும்னா போயி ஓடியாப்பா" என்றாள்.

வேறு வழியில்லை. தெருமுனைக்குத் திரும்பிப் போய் லுங்கியை மடித்துக் கட்டினான். டீக்கடையில் விசில் அடித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே காலை எடுத்து வைத்தான். அப்போது ரோட்டில் ஒரு பஸ் அவன் முதுகை உரசுவதுபோல் போனது.

இந்த ரோட்டைத்தான் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு தனியாகத் தாண்டியிருக்கிறாள். அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை. ஒரு செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல், அவள் பெயரைக் கத்திக்கொண்டு ஓடினான்.

பிரியதர்ஷினி கல்லிலிருந்து இறங்கி நின்றாள்.

"மெதுவா வாப்பா," என்றாள், "வுழுந்துறப் போற."