கட்டைகள் மட்டும்

பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் வீட்டில் நடுப்பிள்ளை மாதிரி. இருக்கும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இல்லாமல் போனால்தான் என்னவோ குறைகிறதே என்று தேடுவார்கள். எங்கள் லத்தீன் ஜாஸ் குழுவில் அந்த நடுப்பிள்ளை நான். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. என் வாசிப்பை உயிரைப் போலப் பிடித்துக்கொண்டிருந்தவள் ஒருத்தி இருந்தாள். என் அக்கா. அவளும் அதைக் காதால் கேட்கவில்லை.

அக்கா சலங்கை கட்டி வெறுங்காலில் ஆடுகிறவள். எங்கள் குழுத் தலைவரான பியானோக்காரருக்கு ஒரு பித்து. வேறு வேறு மரபில் வந்த ஆட்டக்காரர்களை எங்கள் இசைக்கு ஆடவைக்க வேண்டும். அப்படித்தான் அக்கா வந்தாள். ஷூவுக்கு அடியில் இரும்புத் தகடு அடித்துக்கொண்டு தரையைத் தட்டி ஆடும் ஒருவனும் வந்தான். அவனுக்கு எங்கள் காங்கோ மேளக்காரர் 'லாடம்' என்று பெயர் வைத்தார். அவனும் கோபித்துக்கொள்ளவில்லை, கூப்பிட்டால் கனைத்துக் காட்டுவான்.

போன குளிர்காலத்திலிருந்து அக்காவுக்குக் காது மங்கத் தொடங்கியது. முதலில் போனவை மெல்லிய, கூர்மையான சத்தங்கள். கரண்டி விழுவது, என் மகள் 'அத்தை' என்று கத்துவது, அவள் காலிலேயே கிடந்த சலங்கை. போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காதுக் கருவி மாட்டினால் எதிரில் இருப்பவர் பேசுவது புரியும். குழு வாசிக்கும்போது மாட்டினாலோ தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி ஒரே இரைச்சல். அதனால் கழற்றிவிட்டுத்தான் ஆடுவாள். எங்கள் இருவருக்கும் மட்டுமே இது தெரியும்.

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். முன்பு எங்களிடம் டிரம்பெட் வாசித்தவருக்குக் காது போனது. பியானோக்காரர் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுதுகொண்டேதான் வீட்டுக்கு அனுப்பினார். "இந்த இசையில ஒருத்தருக்குக் கேக்கலைன்னா எல்லாரும் கவிழ்ந்துடுவோம்யா, என்னை மன்னிச்சிடு" என்றார். மோசமான மனிதராக இருந்தால் திட்டியாவது ஆறலாம். நல்லவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகவே அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். என் பேஸின் ஒலிபெருக்கிப் பெட்டியை மேடையின் மரத்தரைமேல் நேரடியாக வைத்தால் அதன் அதிர்வு அவள் உள்ளங்காலுக்கு வந்துவிடும். ஒரே ஒரு சிக்கல். எங்கள் இசையில் பேஸ் தாளச் சுற்றின் முதல் தட்டில் விழாது. ஒரு தட்டு முன்னாலேயே, அவசரக்குடுக்கை மாதிரி வந்து நிற்கும்.

"அதனால என்னடா?" என்றாள் அக்கா. "உன் அடி விழும். நான் ஒரு மூச்சு விட்டு அப்புறம் காலை வைப்பேன். நீ மட்டும் மாத்திடாதே."

"நான் ஏன்கா மாத்தப் போறேன்?"

ஆட்கள் வருவதற்கு முன்னால், காலையில் காலிக் கூடத்தில் இருவருமாகப் பழகினோம். என் அடி, அவள் மூச்சு, அவள் கால். கடைசியில் அது அவள் உடம்பிலேயே ஏறிவிட்டது. பியானோக்காரர் அவள் தாளத்தைப் பார்த்து, "உன் அக்காவுக்கு நாலு காதுய்யா" என்றார். நான் குனிந்து தந்தியைத் துடைத்தேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஆடுகிறவர் எல்லோரையும் கட்டிப்போட்டுவிட்டால் தலைவர் கையை முஷ்டியாக உயர்த்துவார். பியானோ, காங்கோ, பேஸ், எல்லாம் நிற்கும். இரண்டு சிறு மரக்கட்டைகளைத் தட்டுகிறவர் மட்டும் தட்டிக்கொண்டே இருப்பார். அந்தத் தட்டின்மேல் ஆட்டக்காரர் தனியாக ஆட வேண்டும். அதைவிடப் பெரிய மாலை எங்களிடம் இல்லை. லாடத்துக்கு ஒருமுறை கிடைத்தது; அப்புறம் ஒரு வாரம் அவன் கால் தரையில் படவில்லை. அக்காவுக்கு அது கிடைக்கும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. மாலை விழும் என்று கழுத்தை நீட்டி வைத்துக்கொள்கிற குடும்பம் இல்லை எங்களுடையது.

அன்று மதிய நிகழ்ச்சி. வெளியூர்ப் பயணத்துக்கு யார் யார் என்று முடிந்ததும் சொல்வதாகப் பியானோக்காரர் சொல்லியிருந்தார். கடைசி உருப்படியில் அக்கா ஆடினாள் பாருங்கள், நான் அவள் தம்பி என்பதையே மறந்து பார்த்தேன். பியானோக்காரரும் பார்த்தார். அவர் முகம் பூரித்தது. முஷ்டியை உயர்த்தினார்.

நான் நிறுத்தினால் அவள் காலுக்கு ஒன்றுமே வராது. ஆனாலும் பழகின கை, தானாக நின்றுவிட்டது.

மரக்கட்டைகள் மட்டும். டக், டக் என்று மெல்லிய, கூர்மையான சத்தம். அவளிடமிருந்து எது போனதோ, அது மட்டும். அக்காவின் கால்விரல்கள் விரிந்து தரையைத் துழாவின. கொஞ்ச நேரம் உடம்பில் இருந்த கணக்கை வைத்தே சமாளித்தாள். அப்புறம் நழுவினாள். முதலில் ஒரு மயிரிழை, பிறகு விரல்கடை. கட்டைக்காரர் அவள் வேண்டுமென்றே விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார். பியானோக்காரர் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் நின்ற லாடத்தின் முகம் மட்டும் மாறியது.

அக்கா ஒரு சுழற்சியில் என்னைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. கண்ணில் இல்லை.

நான் வாசித்தால் அவளுக்கு விழுந்த மாலையை நானே பிய்த்தவன் ஆவேன். ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். வாசிக்காவிட்டால் அவள் தாளத்தை முழுக்கத் தவறவிட்டுவிடுவாள். முடிவு நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசிச் சுற்று முடிந்து வரும் முதல் தட்டில் நாங்கள் எல்லோரும் ஒரே அடியாக அடித்து நிறுத்த வேண்டும். அதே தட்டில் அவள் எம்பிக் குதித்து இறங்க வேண்டும். இரண்டு சுற்றுதான் பாக்கி. என்னால் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு அடி அடித்தேன்.

வழக்கம்போல ஒரு தட்டு முன்னால் அல்ல, முதல் தட்டிலேயே அடித்தேன். வழி தவறியவளுக்கு 'இதோ, இங்கே' என்று காட்டுகிற அவசரத்தில் மனிதன் செய்வதைத்தான் செய்தேன்.

அவள் முகம் மலர்ந்தது. தோள் இறங்கியது. பழகினபடியே ஒரு மூச்சு விட்டாள். அப்புறம் காலை வைத்தாள்.

கை கொடுக்கப் போய் காலை வாரிய கதை அதுதான். அந்த ஒரு தட்டுப் பிசகு அவளோடு சுற்றி வந்தது. எனக்குப் புரிந்தது, ஆனால் திரும்ப அடித்துச் சரிசெய்ய நேரமில்லை. பியானோக்காரர் கண்ணைத் திறந்து கையை இறக்கினார். எல்லோரும் அடித்து நிறுத்தினோம். அக்கா அப்போது அந்தரத்தில் இருந்தாள். கூடமே நிசப்தமான பிறகு, அத்தனை சலங்கையோடும் தனியாகத் தரையில் இறங்கினாள்.

கூட்டம் அதை ஏதோ புதுமை என்று எண்ணி எழுந்து நின்று கைதட்டியது. மேடையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திரைக்குப் பின்னால் வந்ததும் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தேடிட்டே இருந்தேன்டா. எங்கேயுமே ஒண்ணும் இல்ல. செத்தேன்னு நினைச்சேன். அப்பதான் உன் அடி வந்துச்சு. அதைப் பிடிச்சுதான் இறங்கினேன். சரியா விழுந்துச்சு இல்ல?"

அவளுக்குப் பின்னால் பியானோக்காரர் வந்து நின்றார். "அம்மா" என்று கூப்பிட்டார். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. அவர் மூன்றாம் முறை கூப்பிடவில்லை. என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. அந்த அழுகையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

"சொல்லேன்டா" என்றாள் அக்கா.

"சரியா விழுந்துச்சுக்கா."

அவள் குழந்தை மாதிரி சிரித்தாள்.

"அப்போ இனிமே எனக்குப் பயமே இல்ல. நீ ஒருத்தன் போதும்டா."